விதியைப் பிறகு சொல்வோம்

எக்கோ பரிசோதனையில் ‘பம்பிங்’ 30 சதவீதம் என்று வருகிறது. ஆஞ்சியோ செய்து பார்த்தால் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ் செய்யலாம், ஆனால் ஹார்ட் வீக்காக இருப்பதால் ரிஸ்க் உண்டு என்கிறார் மருத்துவர். வார்டுக்கு வெளியே கூடி நிற்கும் உறவினர்களில் யாராவது ஒருவர் அப்போது சொல்வார்: ஆயுசு கெட்டியாக இருந்தால் கத்தி வைக்காமலே இருப்பார், முடிந்துவிட்டதென்றால் கத்தி வைத்தாலும் நிற்காது. சொல்பவர் மீது குறையில்லை. பயந்து நிற்கும் நேரத்தில் பற்றிக்கொள்ள ஒரு சொல் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை வைத்துத்தான் பல வீடுகளில் ஓர் உயிரைப் பற்றிய முடிவு எடுக்கப்படுகிறது என்பதால், அது சரியா என்று கேட்டே ஆகவேண்டும். விதி என்ற சொல்லை நான் தள்ளவில்லை. அதற்கு உரிய நேரம் ஒன்று இருக்கிறது, அது செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு வருகிற நேரம் என்பதே என் வாதம். தர்க்கத்தை மட்டும் நம்பாமல், பலவீனமான இதயத்தோடு இருந்த 1,212 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளிவிடுவதில்லை. நல்ல இதயமே பாதிக்குச் சற்று அதிகமாக, 55 முதல் 70 சதவீதம் வரைதான் தள்ளும். நாம் பம்பிங் என்று சொல்வது அந்த அளவைத்தான். மாரடைப்பால் தசையின் ஒரு பகுதி செத்துப்போனாலோ, அடைப்பினால் ரத்தம் போதாமல் தசை சோர்ந்து கிடந்தாலோ அது 35க்கும் கீழே இறங்கிவிடுகிறது. காலிலிருந்து எடுத்த சிரையை இதயத்தில் வைத்து, அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் முறையை 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிலைநாட்டியவர் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் ரெனே ஃபவலோரோ. எட்டே ஆண்டுகளில், 1975இல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். இந்த அறுவை உயிரைக் காக்கிறதா, மருந்தே போதுமா என்று எழுபதுகளில் பெரிய ஆய்வுகள் நடந்தன. அவற்றில் முக்கியமான ஒன்று, பம்பிங் 35க்குக் கீழே இருந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. காரணம் எளிது. அறுவை மிகவும் தேவைப்படுகிற இதயம்தான் அதைத் தாங்கும் வலு மிகக் குறைவாக உள்ள இதயம். ஆகவே யாருக்குக் கேள்வி கூர்மையாக இருந்ததோ, அவர்களுக்கு மட்டும் பதில் இல்லாமல் கால் நூற்றாண்டு கழிந்தது.

அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் ‘ஸ்டிச்’ என்ற ஆய்வு. 2002 முதல் 2007 வரை 22 நாடுகளில், பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த, பைபாஸ் செய்யத்தக்க அடைப்புகள் கொண்ட 1,212 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 602 பேருக்கு மருந்து மட்டும். 610 பேருக்கு மருந்தோடு பைபாஸும். முதல் 30 நாட்களில் அறுவைப் பிரிவில் 100க்கு ஏறத்தாழ 4 பேர் இறந்தார்கள், மருந்துப் பிரிவில் ஏறத்தாழ ஒருவர். ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கழித்துக் கணக்கெடுத்து 2011இல் வெளியிட்டபோது, மருந்துப் பிரிவில் 41 சதவீதமும் அறுவைப் பிரிவில் 36 சதவீதமும் இறந்திருந்தார்கள். இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் கையை விரித்தது. ஆய்வாளர்கள் விடவில்லை. இன்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து 2016இல் மறுபடி எண்ணினார்கள். பத்தாண்டு நிறையும் தறுவாயில் மருந்துப் பிரிவில் 66 சதவீதம், அறுவைப் பிரிவில் 59 சதவீதம் இறப்பு. இந்த முறை வேறுபாடு உறுதி. பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் என்று பார்த்தால் மருந்துப் பிரிவில் ஆறேகால் ஆண்டு, அறுவைப் பிரிவில் ஏழே முக்கால் ஆண்டு. சுமார் ஒன்றரை ஆண்டு கூடுதல்.

இந்த எண்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறுபாட்டின் அளவை விட அதன் வரிசையை. இழப்பு முதலில் வருகிறது, ஆதாயம் பிறகு வருகிறது. இரண்டு ஆண்டு வரைக்கும் அறுவைப் பிரிவுக்கு ஆதாயம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அதன் பிறகுதான் கோடுகள் பிரிகின்றன. விதைநெல்லை மண்ணில் போடுவதோடு இதை ஒப்பிடத் தோன்றும். வீட்டில் பசி இருக்கும்போதும் குதிரில் இருக்கும் நெல்லை எடுத்து விதைத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பது போல. ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது, உடையும் இடம்தான் முக்கியமானது. வயலில் விதைத்தவனே அறுப்பான். இங்கே முதல் மாதத்தில் இறந்த நால்வரும் ஆறாம் ஆண்டில் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவரும் வெவ்வேறு மனிதர்கள். தான் எந்தப் பக்கம் விழப் போகிறோம் என்பது கையெழுத்துப் போடும்போது எவருக்கும் தெரியாது. இந்தத் தெரியாமைக்குள் விதி என்ற சொல் நுழைவது இயல்பு. நுழைந்து என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியை, இதே நோயாளியை வைத்து, மிகப் பழைய காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். கிரேக்கத்தில் ‘சோம்பேறி வாதம்’ என்ற பெயரில் ஒன்று வழங்கியது. நீ குணமாவாய் என்று விதி இருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குணமாவாய், இல்லையென்றால் இரண்டிலும் ஆகமாட்டாய், ஆகவே கூப்பிடுவதில் பயனில்லை என்பது வாதம். இதற்கு கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிசிப்பஸ் சொன்ன பதிலை ரோமானிய அறிஞர் சிசரோ விதியைப் பற்றிய தம் நூலில் காத்துத் தந்திருக்கிறார். கிறிசிப்பஸ் விதியை மறுத்தவர் அல்லர், அதை முழுக்க நம்பியவர். அவருடைய பதிலின் சாரம் இது: நீ குணமாவது விதி என்றால், வைத்தியரைக் கூப்பிடுவதும் அதே விதியின் பகுதிதான்; முடிவை மட்டும் தனியே பிய்த்து எடுத்து, அதற்குப் போகும் பாதையை விட்டுவிட முடியாது. சரக சம்ஹிதையில் அக்னிவேசர் தம் ஆசான் ஆத்ரேயரிடம் ஆயுளுக்கு வரையறுத்த அளவு உண்டா என்று நேராகவே கேட்கிறார். ஆத்ரேயர் முன்வினைக்கும் இப்பிறவி முயற்சிக்கும் சேர்த்தே இடம் கொடுக்கிறார். எல்லா ஆயுளும் முன்பே அளந்து வைத்ததென்றால் மதயானையையும் நாகத்தையும் கண்டு விலகவேண்டிய அவசியம் என்ன, மருந்து எதற்கு என்று திருப்பிக் கேட்கிறார். பிறகு வண்டி அச்சை உவமை காட்டுகிறார். நல்ல அச்சு தன் காலம் முழுதும் உழைத்துத் தேய்ந்து முடியும். அதே அச்சு அதிக பாரத்தாலும் கெட்ட பாதையாலும் காலத்துக்கு முன்பே முறியும். இஸ்லாமிய வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் கேள்விப்பட்ட கலீபா உமர் உடன் வந்தவர்களோடு திரும்ப முடிவெடுத்தார். இறைவன் விதித்ததிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, அவன் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த இன்னொன்றுக்குப் போகிறோம் என்று விளக்கினார். மூவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் இல்லை. மூவரில் எவரும் விதியை விட்டுவிடவும் இல்லை. விதியை நம்புவதால் முயற்சி செத்துவிட வேண்டியதில்லை என்பதில் மூவரும் ஒன்றுபடுகிறார்கள்.

இவர்கள் தர்க்கத்தால் காட்டியதற்கு ஸ்டிச் ஆய்வு ஓர் அளவு கொடுத்திருக்கிறது. வார்டு வாசலில் சொல்லப்படும் வாக்கியம் மெய்யானால், அதாவது கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும் நடப்பது ஒன்றுதான் என்றால், குலுக்கிப் பிரித்த இரண்டு கூட்டத்திலும் பத்தாண்டு முடிவில் இறப்பு ஒரே அளவாக இருந்திருக்க வேண்டும். இல்லை. 100க்கு 7 பேர் அளவுக்கு வேறுபட்டது. அதிலும் மருந்துப் பிரிவில் வைத்தவர்களில் 17 சதவீதம் பேர் இடையில் அறுவைக்கு மாறினார்கள், அறுவைப் பிரிவில் 9 சதவீதம் பேர் அறுவை செய்துகொள்ளவில்லை. அப்படியும் வேறுபாடு அழியவில்லை. ஆனால் அதே எண்கள் மறுபக்கத்துக்கும் சாட்சி சொல்கின்றன. விதியை மதியால் வெல்லலாம் என்று மேடையில் முழங்குகிறோமே, அதையும் இந்த ஆய்வு ஏற்கவில்லை. அறுவை செய்துகொண்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்தாண்டுக்குள் போய்விட்டார்கள். முயற்சிக்கு எட்டுவது ஒரு பங்கு. எட்டாமல் இருப்பது அதைவிடப் பெரிய பங்கு. அந்த எட்டாத பங்குக்கு விதி என்று பெயர் வைத்தால் எனக்கு மறுப்பில்லை. எட்டுகிற பங்கையும் அதன் கணக்கில் சேர்ப்பதைத்தான் மறுக்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று வரும். சராசரி யாருடைய வாழ்க்கையும் இல்லை. ஒன்றரை ஆண்டு கூடுதல் என்பதை எந்த ஒரு மனிதனும் தன் வாழ்வில் காண்பதில்லை. ஒருவன் மேசையிலேயே போகிறான், ஒருவன் பதினைந்து ஆண்டு இருக்கிறான். எனக்கு என்ன ஆகும் என்று சொல்லாத எண்ணால் எனக்கு என்ன பயன்? இந்த மறுப்பை மருத்துவர்களே உணர்ந்து, தனி மனிதனின் விடையைப் படமெடுத்துக் கண்டுபிடிக்க முயன்றார்கள். அடைப்புக்குப் பின்னால் இருக்கும் தசை செத்துவிட்டதா, உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்து, உயிருள்ள தசை இருப்பவருக்கு அறுவை பலிக்கும், இல்லாதவருக்குப் பலிக்காது என்று சொல்லிவிடலாம் என நம்பினார்கள். மிகவும் நியாயமான நம்பிக்கை. ஸ்டிச்சில் சேர்ந்தவர்களில் 601 பேருக்கு அந்தச் சோதனை செய்யப்பட்டது. 2019இல் வெளியான நீண்டகால முடிவில், அறுவையால் யாருக்கு ஆயுள் கூடும் என்பதை அந்தச் சோதனை பிரித்துக் காட்டவில்லை. ஜாதகத்தில் தேடியதைப் படத்தில் தேடினார்கள், அங்கும் கிடைக்கவில்லை. இதிலிருந்து எண் வீண் என்ற முடிவுக்குப் போகக்கூடாது. மனிதன் எந்தக் காலத்திலும் தனக்கென்று எழுதிய விடையைப் படித்துவிட்டு முடிவெடுத்ததில்லை. மழை வரும் பருவத்தைப் பார்த்து விதைக்கிறவனுக்கும் இந்த ஆண்டு மழை என்ன செய்யும் என்று தெரியாது. தெரியாதபோது நியாயமாக நடந்துகொள்வதற்குத்தான் சராசரி உதவுகிறது. அதற்கு மேல் அது எதையும் வாக்களிக்கவில்லை.

அடுத்த மறுப்பு இதைவிட ஆழமானது, சமயத்தின் உள்ளிருந்தே வருவது. அறுபத்தைந்து, எழுபது வாழ்ந்தவனுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டுக்காக நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டுமா? வடக்கிருந்து உயிர்விட்டவர்களைப் போற்றிய மொழி நம்முடையது. சமணம் உண்ணாநோன்பிருந்து உடலை விடுவதை ஒரு தவமாகவே வகுத்தது. வாழ்வைப் பற்றிக்கொண்டு தொங்குவதுதான் அறமா? இதற்கு நான் தலைவணங்கவே வேண்டும். ஆய்வின் எண்களும் இதற்கு இடம் தருகின்றன. ஸ்டிச்சில் வயது குறைந்தவர்களுக்கு அறுவையின் ஆதாயம் பெரிது. 54 வயதும் அதற்குக் கீழும் இருந்தவர்களில் பத்தாண்டு இறப்பு மருந்தில் 60 சதவீதம், அறுவையில் 48. வயது ஏற ஏற மொத்த ஆயுளில் கிடைத்த ஆதாயம் சுருங்கியது, ஏனென்றால் முதியவர்களை இதயத்தோடு வேறு நோய்களும் கொண்டுபோகின்றன. ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடக்க முடியாத அளவுக்குத் தளர்ந்தவர்களுக்கு அறுவையின் தொடக்கக்கால ஆபத்து கூடுதலாக இருந்தது. மேலும் இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் சாப்பிட்டவை அந்தக் காலத்து மருந்துகள். 2014க்குப் பிறகு இதயப் பலவீனத்துக்கு வந்த புது மருந்துகள் ஆயுளை மேலும் நீட்டுகின்றன, ஆகவே இன்று மருந்தோடு மட்டும் இருப்பவரின் நிலை அன்றைய எண் சொல்வதைவிட நன்றாகவே இருக்கலாம். இவை எல்லாவற்றையும் கேட்டு, தன் நடையையும் மூச்சையும் தெரிந்து, வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது முழுமையான முடிவு. வடக்கிருந்தவன் திசையைத் தெரிந்து அமர்ந்தான். சமண முனிவன் குருவின் இசைவு பெற்று, நாள் குறித்து நோன்பைத் தொடங்கினான். அவர்கள் யாரும் ஆயுசு இருந்தால் பார்ப்போம் என்று தள்ளிப்போடவில்லை. துறவுக்கும் தள்ளிப்போடலுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தக் குழப்பம். ஸ்டென்ட் வைத்து இடைவழியில் போகலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பம்பிங் 35க்குக் கீழிருந்த 700 பேரிடம் பிரிட்டனில் அதையும் சோதித்து 2022இல் முடிவு சொன்னார்கள். மூன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் மருந்தோடு மட்டும் இருந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

முடிவு அவருடையது என்று சொல்லும்போது நம் வீடுகளின் ஒரு பழக்கத்தைத் தொட்டாக வேண்டும். நோயாளியிடம் எதையும் சொல்லாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள் என்று மகனோ மருமகனோ மருத்துவரைத் தனியே கூட்டிப்போகிறார்கள். அன்பினால்தான். ஆனால் இழப்பு முதலிலும் ஆதாயம் பிறகும் வருகிற ஒரு காரியத்தில், எந்த ஆண்டுகள் தனக்கு விலையுயர்ந்தவை என்பதை அந்த ஒருவரைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்? ஆறு மாதத்தில் மகள் கல்யாணத்தை வைத்திருப்பவருக்கு இந்த ஆறு மாதம்தான் எல்லாம். மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான் என்பவருக்கு எட்டாவது ஆண்டு வேண்டும். ஒரே பம்பிங், ஒரே அடைப்பு, ஆனால் நியாயமான முடிவுகள் இரண்டு. மருந்து என்ற அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணும் வள்ளுவர் நோயாளியைத்தான் முதலில் வைக்கிறார். மருத்துவனும் மருந்தும் பக்கத்திலிருந்து கவனிப்பவனும் அதற்குப் பிறகே. பெண்கள் விஷயத்தில் இந்தக் கவலை எனக்கு இரட்டிப்பு. ஸ்டிச்சில் சேர்ந்தவர்களில் பெண்கள் 12 சதவீதம்தான், அதாவது அவர்களுக்கான சான்றே மெலிந்தது. மெலிந்த சான்றோடு, தன்னிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட முடிவும் சேர்ந்தால் அந்த அம்மாவின் பங்கு அதில் என்ன மிஞ்சும்?

இனி விதிக்கு உரிய நேரத்துக்கு வருகிறேன். நன்றாக விசாரித்து, நோயாளியே சம்மதித்து, அறுவை செய்து, பன்னிரண்டாம் நாள் அவர் இறந்துவிடுகிறார். நாமே கொண்டுபோய்க் கொன்றுவிட்டோம், சும்மா விட்டிருந்தால் இன்னும் இருந்திருப்பார் என்று வீடு தன்னையே தின்னத் தொடங்கும். அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி உண்மையாகவே இருக்கலாம், முதல் மாதக் கணக்கே அதைச் சொல்கிறது. முதல் பாதி உண்மை இல்லை. ஒரு முடிவு நல்லதா என்பதை, எடுத்தபோது தெரிந்திருந்தவற்றைக் கொண்டு பார்க்க வேண்டும். பிறகு தெரியவந்ததைக் கொண்டு முன்னால் எடுத்த முடிவைத் தண்டிப்பது அநியாயம். செயல் உன்னுடையது, பலன் உன் ஆளுகையில் இல்லை என்று கீதை வழி வந்தவர்கள் சொல்வது இந்த இடத்தில்தான் உயிர் பெறுகிறது. விதி என்று அப்போது சொல்லுங்கள். மனம் ஆறுவதற்காக ஒரு பொய்யைச் சொல்வதாக ஆகாது, நம் கைக்கு எட்டாத ஒரு பங்கு இருந்தது, அது இப்படி விழுந்தது என்ற உண்மையைத்தான் சொல்கிறோம். மருத்துவமனையின் தவறுகளுக்கெல்லாம் இது மூடியாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகவிடக் கூடாது. புண்ணில் கிருமி ஏறியதா, இரவில் மூச்சு திணறியபோது யார் பார்த்தார்கள், ரத்தம் தாமதமானதா என்ற கேள்விகளுக்கு முதலில் பதில் வரவேண்டும். அவை செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்தவை, ஆகவே விதிக்கு முன்னால் வருபவை. அறுவை வேண்டாம் என்று தெரிந்து முடிவெடுத்து மூன்றாம் ஆண்டில் போனவரின் வீட்டுக்கும் இதே ஆறுதல், இதே நிபந்தனையோடு, உரியது.

பத்தாண்டுக் கணக்கில் 14 பேருக்கு பைபாஸ் செய்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார். அந்த ஒருவர் யார் என்று அந்த 14 பேரில் எவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு வந்து, மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு, பேருந்துக்கு நிற்கிறவர்களில் அவர் ஒருவர். பிழைத்த ஒவ்வொருவரும் அது தான்தான் என்று நம்பி, கும்பிடுகிற சாமிக்கு நன்றி சொல்லிக்கொள்கிறார். அவர்களில் யாரிடமும் போய் நீங்கள் இல்லை என்று சொல்வதற்கு இந்த உலகத்தில் ஒருவரிடமும் ஆதாரம் கிடையாது.